பழுப்புக் கோட்டு இன்ஸ்பெக்டரும் என் தம்பியும்

அந்த இன்ஸ்பெக்டரை என் கண்ணில் காட்டக்கூடாது. பழுப்பு நிறக் கோட்டு ஒன்று, முழங்காலுக்குக் கீழே தொங்கும். மழையில் நின்று யோசிப்பார். வீட்டுக்குள் வந்தும் கோட்டைக் கழற்றாமல் நின்று யோசிப்பார். யாராவது தேநீர் கொடுத்தால் குடிக்கமாட்டார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்ப்பார். தேநீர் ஆறிப்போகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய ஊரில் நாலு தெருவும் ஒரு தேவாலயமும் ஒரு கால்வாயும்தான். அங்கே கிழமைக்கு ஒரு கொலை விழும். அப்படியிருந்தும் ஒரு குடும்பமாவது வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனதாக நான் பார்க்கவில்லை.

இது ஒரு பழைய பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர். நோர்வேக்காரருக்கு இதில் தீராத பைத்தியம். இந்த நாட்டில் உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்தால் சனம் கொலைக்கதை படிக்கும், கொலைக்கதை பார்க்கும். அதற்குப் ‘போஸ்க கிரிம்’ என்று தனிப் பெயரே உண்டு. யேசுவைச் சிலுவையில் அறைந்த நாளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்து, தோடம்பழத்தை உரித்துத் தின்றபடி, யார் யாரைக் குத்திக் கொன்றான் என்று பார்ப்பது இவர்களுக்குப் பெருநாள் கொண்டாட்டம். ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து, இவர்களுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை.

நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் ஒரு நோர்வேப் பெண்மணி இருக்கிறார். இந்தத் தொடரின் பெயரைச் சொன்னாலே அவருக்கு முகம் மலர்ந்துவிடும். ‘கூசெலி’ என்பார். குளிர் நாளில் மெழுகுதிரி ஏற்றி, சூடாக எதையாவது குடித்துக்கொண்டு, மனதுக்குப் பிடித்தவர்களோடு இருக்கும்போது வருகிற சுகத்துக்கு இவர்கள் சொல்லும் சொல் அது. ஆற்றில் பிணம் மிதந்து வருவதில் என்ன சுகம் என்று ஒருநாள் கேட்டேன். “பிணத்தில் இல்லை, பழைய வீடுகளில்” என்றார். அந்தத் திரைச்சீலைகளும் தேநீர்க் கோப்பைகளும் அவருக்கு அவ்வளவு பிடிக்குமாம்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. என் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஸ்பெக்டரின் பரம பக்தர். அவர் நோர்வே மொழி படித்ததே அந்தத் தொடரின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துத்தான். இங்கே ஆங்கிலப் படங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை, கீழே நோர்வே மொழியில் எழுத்துப் போடுவார்கள். வகுப்பில் வராத மொழி அவருக்கு இன்ஸ்பெக்டரின் புண்ணியத்தில் வந்தது. அதனால் அவர் பேசும் நோர்வே மொழியில் பொலிஸ் வாடை அடிக்கும். பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில், சீட்டில்லாமல் ஏறிய ஒரு பொடியனிடம், “இந்த நேரத்தில் உங்களைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை, ஆனாலும் ஊரை விட்டுப் போகவேண்டாம்” என்றாராம். பொடியன் அடுத்த தரிப்பிலேயே இறங்கி ஓடிவிட்டான்.

“இஞ்சரும், அந்தாளைப் பாரும்” என்பார் என்னிடம். “ஆருக்கும் அடிக்கிறானோ? தூசணம் கதைக்கிறானோ? கதவைத் தட்டிப்போட்டு, உள்ளுக்கு வரலாமோ எண்டு கேட்டுத்தான் வாறான். பொலிஸ் எண்டால் உப்பிடியெல்லோ இருக்கவேணும்.”

“தட்டிப்போட்டு வந்து என்னத்தைக் கண்டுபிடிச்சவர்? மூண்டு பேர் செத்தாப் பிறகுதான் நாலாவது ஆளைக் காப்பாத்துறார். எங்கடை சந்தியிலை மரக்கறி விக்கிற மனிசி எண்டால் முதல் நாளே பிடிச்சிருக்கும்” என்பேன் நான்.

மகள் இங்கேயே பிறந்தவள், பேர்கனில் படிக்கிறாள். அவளுக்கும் இந்தத் தொடர் பிடிக்காது, ஆனால் அவளுடைய காரணங்கள் வேறு. “அம்மா, இதிலை வாற பொம்பிளையள் அழுறதுக்கும் சாகிறதுக்கும் மட்டும்தான். எங்கடை நிறத்திலை ஆர் வந்தாலும் ஒண்டில் கடைக்காரன், இல்லாட்டிப் பொய் சொல்லுறவன்” என்பாள். பிடிக்காதென்று சொல்லிக்கொண்டே, பேஸ்புக்கில் இந்தத் தொடரின் ரசிகர் குழுவில் போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கே இருக்கும் கிழடுகளோடு வம்பிழுப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

இவ்வளவு வெறுப்பை வைத்துக்கொண்டு, ஒரு பகுதி விடாமல், சில பகுதிகளை மூன்று நாலு தரம்கூட நான் பார்த்திருக்கிறேன். காரணம் என் தம்பி. இந்தத் தொடரில் எங்கேயோ ஓர் இடத்தில் அவன் இருக்கிறான்.

அவன் லண்டனில் அகதியாக இருந்தான். நான் அப்போதுதான் நோர்வேக்கு வந்து, வடக்கே ஓர் அகதி முகாமில் இருந்தேன். முகாமின் நடைபாதையில் ஒரு தொலைபேசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கூப்பிட்டான்.

“அக்கா, நான் ரீவியிலை நடிச்சிட்டன்” என்றான்.

“உனக்கு விசரோ? என்னவா நடிச்சனி?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “டொக்டரா” என்றான்.

எந்தத் தொடர் என்றும் சொன்னான். ஊரில் இருந்த அம்மாவுக்கும் அதையே சொல்லி அனுப்பினான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவனை டொக்டராக்கத்தான் அவ தவம் கிடந்தா. இரண்டு தரம் சோதனை எடுத்தும் அவனுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுக்காததை வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டான் என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாவாம். ஒருத்தருடைய வீட்டிலும் அந்தத் தொடரைப் பார்க்க வழியில்லை. மின்சாரமே இல்லாத போர்க்காலம் அது.

அடுத்த மாதம் தம்பி போய்விட்டான். வேலைக்குப் போகும் வழியில் தெருவைக் கடக்கும்போது லொறி அடித்தது. எனக்குப் பயணப் பத்திரம் இல்லை, முகாமை விட்டுப் போக முடியாது. அவனோடு ஒரே வீட்டில் இருந்த பொடியன்கள்தான் எல்லாம் செய்தார்கள். செத்தவீட்டுப் படங்களை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என்னால் அதைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் அவன் பேசி அனுப்பிய கசெட் ஒன்று இருந்தது, இடம்பெயர்ந்து ஓடியபோது அதுவும் போய்விட்டது. மிஞ்சியது கடவுச்சீட்டுக்கு எடுத்த ஒரு படம். அதைத்தான் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாலை போட்டிருக்கிறோம். அசையாத முகம், புகைப்படக்காரன் அதட்டி நேராக்கிய கழுத்து. என் தம்பி ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவன். அவன் அசைவதை ஒரு தரம், ஒரே ஒரு தரம் பார்க்கவேண்டும் என்பதுதான் எனக்கு இத்தனை வருடமாக இருந்த ஆசை. அந்த அசைவு அந்தக் கோட்டுக்காரரின் தொடருக்குள் மட்டும்தான் இருந்தது.

முதலில் வெள்ளிக்கிழமைகளில் போட்டார்கள். வேலை முறை மாறி வரும்போது கணவரை வீடியோவில் பதியச் சொன்னேன். பிறகு உயிர்த்த ஞாயிறு விடுமுறைகளில் மறுபடி மறுபடி போட்டார்கள். இப்போது எல்லாப் பகுதிகளையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் டொக்டர்களைத் தேடினேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட எவனையும் விட்டுவைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்யும் வழுக்கைத் தலை டொக்டர், வாயில் பைப்பை வைத்துக்கொண்டு வரும் குடும்ப டொக்டர், நஞ்சு கொடுத்த டொக்டர், பின்னால் நடைபாதையில் நடந்து போகும் டொக்டர்கள். படத்தை நிறுத்தி, மூக்குத் திரையில் முட்டும் அளவுக்குக் கிட்டப்போய்ப் பார்ப்பேன். எல்லாரும் வெள்ளையர்கள்.

ஓர் இடத்தை மட்டும் நான் பார்ப்பதில்லை. பிணத்தை. தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத நான் வேறு எந்தச் செத்த முகத்தையும் பார்ப்பதில்லை என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். வைராக்கியம் என்றும் சொல்லமுடியாது, பயம்தான். அம்மாவும் அப்படித்தான், படத்தில் செத்தவீடு வந்தால் பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிப் பிடிப்பா. என் வீட்டில் அந்த வேலையைக் கணவர் செய்தார். பகுதி தொடங்கிச் சில நிமிடங்களில் பிணம் வந்துவிடும். “இப்ப பாராதையும்” என்பார். நான் சுவரைப் பார்ப்பேன். ரிமோட்டால் தாண்டி விட்டு, “சரி, போட்டுது, பாரும்” என்பார். பிறகு இன்ஸ்பெக்டர் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார், நான் டொக்டரைத் தேடத் தொடங்குவேன். இது எங்களுக்குள் பழகிப்போன ஓர் ஒழுங்கு. மனுசன் ஒருநாளும் இதற்காக என்னைக் கிண்டல் செய்ததில்லை.

அம்மா சாகும் வரைக்கும் தொலைபேசியில் கேட்பா. “பிள்ளை, தம்பியின்ரை டொக்டர் வேசம் அம்பிட்டுதோ?”

“இன்னும் இல்லையம்மா. தேடுறன்.”

“வடிவாப் பார். கழுத்திலை அந்தக் குழாயைப் போட்டிருப்பான்.”

அம்மாவும் போனபிறகு எனக்கு அந்தத் தொடர் மேல் இருந்த எரிச்சல் வஞ்சமாகவே மாறிவிட்டது. அவன் நடித்ததை வெட்டி எறிந்துவிட்டார்கள், கறுத்த டொக்டர் ஒருவன் தங்கள் ஊருக்கு ஒத்துவராது என்று நினைத்திருப்பார்கள் என்று நான் முடிவு கட்டினேன். போன வருடம் மகளிடம் சொல்லி அந்த ரசிகர் குழுவில் நானும் சேர்ந்து, ஒரு கேள்வி போட்டேன். இந்தத் தொடரில் தெற்காசிய முகமுள்ள டொக்டர் ஒருவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

ஒருவர் பதில் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி ஓர் ஊரில் அப்படி ஒரு டொக்டர் இருந்திருக்க வாய்ப்பில்லை, இந்தத் தொடரின் அழகே எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி காட்டுவதுதான் என்றார். அதற்கு நிறையப் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். கிழமைக்கு ஒரு கொலை விழுவது உள்ளது உள்ளபடியா என்று நான் கேட்டேன். இன்னும் கொஞ்சமும் எழுதினேன். தேநீர் பற்றியும் கோட்டைப் பற்றியும், அதைப் பார்த்துச் சுகம் காண்பவர்களைப் பற்றியும் எழுதினேன். என் நோர்வே மொழியில் பிழைகள் இருந்தாலும் கோபம் விளங்கியிருக்கும். அன்று பின்னேரமே என் பதிவைத் தூக்கிவிட்டார்கள்.

இந்த வருடம் மாசியில் லண்டனிலிருந்து ஒருவர், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்தார். தம்பியோடு ஒரே வீட்டில் இருந்த பொடியன்களில் ஒருவர். இப்போது வழுக்கை விழுந்து, வயிறு வைத்து, பேரப்பிள்ளை கண்டவர். கல்யாணத்துக்கு அடுத்த நாள் ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதியில் இருவரும் கோப்பி குடித்தோம். நான் ஒரே கேள்வியோடுதான் போயிருந்தேன்.

“தம்பி டொக்டரா நடிச்சது எந்தப் பகுதி எண்டு ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டேன்.

“டொக்டரோ?” அவர் சிரித்துவிட்டார். “ஆரக்கா சொன்னது?”

“அவன்தான்.”

அவருடைய சிரிப்பு நின்றது. கோப்பையைக் கீழே வைத்தார்.

“அக்கா, அவன் பிணமாயெல்லோ படுத்தவன்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் முதலிலிருந்து சொன்னார். தம்பி கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடைக்குப் படம் எடுக்கிறவர்கள் வந்தார்களாம். கறுத்த நிறத்தில் மெலிந்த ஒருவன் தேவை, பேச்சு ஒன்றும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் சரி, மத்தியானச் சாப்பாடு தருவோம் என்றார்களாம். விடியக் காலையில் எங்கோ கூட்டிப்போய், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, குளிரில் நிலத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

“பின்னேரம் வாறான் அக்கா, காதுக்குப் பின்னாலை சாயம் கிடக்கு. நாங்கள் கதவைத் திறக்கேல்லை. செத்தவீட்டுக்குப் போட்டு வந்தாலே தோயாமல் உள்ளுக்கை வரக்கூடாது, நீ செத்தே போட்டு வாறாய், நில்லடா வெளியிலை எண்டு சொல்லி, பின்வளவிலை வைச்சு வாளித் தண்ணியை ஊத்தினனாங்கள். நல்ல குளிர். பல்லுக் கிடுகிடு எண்டு அடிக்குது அவனுக்கு. ஆனாலும் சிரிப்பு நிக்கேல்லை.” அவர் கண்ணைத் துடைத்தார். “அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோடா எண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவன்.”

ஏன் சத்தியம் வாங்கினான் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றவள் உயிரோடு இருக்க, பிள்ளை பிணமாகப் படுப்பதா? அம்மா கேட்டிருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாயில் விழுந்திருப்பா. எங்கள் சினிமாக்காரர்கூட, ஒருவரைப் பிணமாகக் கிடத்திப் படம் எடுத்தால், முடிந்ததும் அவரை எழுப்பிச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். தோஷம் கழியவேண்டும் அல்லவா. வெள்ளைக்காரனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. சாயத்தைக்கூட ஒழுங்காகத் துடைத்து அனுப்பவில்லை. அந்தப் படுக்கைதான் அவனை விழுங்கியது என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. படித்தவள்தான் நான், ஆனாலும் தோன்றியது.

அந்த மனிதரிடம் சரியாகப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். ரயிலில் வழி முழுக்கத் தம்பியைத் திட்டினேன். பொய்யனே! வெள்ளைக் கோட்டுகளுக்குள் என்னை இத்தனை காலம் அலையவிட்டாயே!

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“அப்ப நான் அவனைக் கண்டிருக்கிறன்” என்றார்.

அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதெல்லாம் திரையைப் பார்த்தவர் அவர்தான். அவர் என் தம்பியை நேரில் கண்டதில்லை. சட்டம் போட்ட அந்தப் படத்தை மட்டும் தெரியும். அதிலே கண் திறந்திருக்கும்.

“எத்தினை தரம் தாண்டி விட்டிருப்பியள்?” என்று கத்தினேன். “ஒரு தரமாவது வடிவாப் பார்த்திருக்கக் கூடாதே? கறுத்த பொடியன் ஒருத்தன் கிடக்கிறான், ஆரெண்டு யோசிக்கக் கூடாதே?”

“நீர்தானே தாண்டச் சொன்னனீர்.”

“நான் சொன்னால்?”

“நீர் டொக்டர் எண்டெல்லோ சொன்னனீர்!” என்று அவரும் கத்தினார். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை.

அதற்குப் பிறகு பங்குனி முழுக்க நான் அந்தத் தொடரின் பக்கம் போகவில்லை. தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது, ஆனால் பார்க்கும் துணிவு வரவில்லை. அவன் அசைவதைப் பார்க்கத்தானே நான் ஆசைப்பட்டேன்? அங்கே இருப்பது அசையாமல் கிடக்கும் அவன். செத்தவீட்டுப் படத்தை வேண்டாம் என்று சொன்னவள் நான். அதையே வெள்ளைக்காரன் காசு செலவழித்து, விளக்குப் போட்டு எடுத்து வைத்திருக்கிறான்.

விடுமுறைக்கு மகள் பேர்கனிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “நான் முதல் தேடிப் பாக்கிறன், நீங்கள் பிறகு பாருங்கோ” என்றாள். பெரிய வெள்ளிக்கிழமை காலை, பணியாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். பிணம் பிணமாகப் பார்க்காமல், அந்த ரசிகர் குழுவில் போய்த் தேடினாள். அங்கே இந்தத் தொடரில் வந்த ஒவ்வொரு தொப்பியைப் பற்றியும் சண்டை பிடித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் தின்பதை நிறுத்தியதைக் கண்டேன்.

“என்ன?” என்றேன்.

“ஒண்டுமில்லை.”

“வாசி.”

அவள் நோர்வே மொழியில் இருந்ததைத் தமிழில் சொன்னாள், மெதுவாக. இந்தத் தொடர் எவ்வளவு மோசமாக எடுக்கப்பட்டது என்று ஒருவர் எழுதிய பதிவு அது. கால்வாயோரத்துக் கதையைப் பாருங்கள், பிணம் மூச்சு விடுகிறது என்று எழுதியிருந்தார். குளிரில் மூக்கிலிருந்து புகை வருவது தெளிவாகத் தெரிகிறது, இதைக்கூடக் கவனிக்காத இயக்குநரை என்ன சொல்வது என்று கேட்டிருந்தார். ஒரு வெளிநாட்டானைக் கூட்டிவந்து சும்மா படு என்று சொன்னால், அவனுக்கு அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று முடித்திருந்தார். கீழே சிரிக்கும் முகங்கள். பழைய தொடர்களின் அழகே இப்படியான பிழைகள்தான், மன்னித்துவிடலாம் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். மன்னிக்க முடியாது, கதையின் மேல் இருந்த நம்பிக்கையே அந்த இடத்தில் போய்விட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார்.

கணினியைப் பிடுங்கி அந்த ஆளுக்கு நாலு வரி எழுதப் போனேன். உன்னுடைய தாயும் தகப்பனும் உன்னைக் குளிரில் நிலத்தில் படுக்கவிட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுத நினைத்தேன். மகள் கணினியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நில்லுங்கோ. அவன் என்ன எழுதியிருக்கிறான் எண்டு கேட்டனீங்களோ?”

“கேட்டனான். வெளிநாட்டானாம்.”

“அதில்லை. மாமா மூச்சு விடுறாராம்.”

நான் சோபாவில் உட்கார்ந்தேன்.

மகள் பெரிய திரையில் அந்தப் பகுதியைப் போட்டாள். வெளியே பனியில் வெயில் அடித்துக் கண் கூசியது, கணவர் எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குசினிக் கதவுக்குப் பிறகு நாங்கள் அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். தொடக்கப் பாட்டு முடிந்து கால்வாய் வந்தது. கரையில் வெண்பனி படிந்த புல். நாயோடு வந்த ஒரு கிழவி நின்று வாயைப் பொத்தினாள். கணவரின் கை ரிமோட்டை நோக்கிப் போவதைக் கண்டேன். அது அவருக்குத் தெரியாமலே போகிறது.

“தொடாதேங்கோ” என்றேன்.

அவர் கையை எடுத்து என் கையின் மேல் வைத்தார்.

முதலில் சப்பாத்துகள். பிறகு அவனுக்குப் பொருந்தாத, யாருடையதோ ஒரு பெரிய ஜக்கெட். பிறகு முகம். பக்கவாட்டில் சரிந்து, கண் மூடி, சுண்ணாம்பு பூசினதுபோல் ஒரு முகம். இது அவன் இல்லை என்று நினைத்தேன். இல்லை என்று நிம்மதியும் பட்டேன். அப்போது காதைக் கண்டேன். மேலே கொஞ்சம் மடிந்த காது, அப்பாவுடையது. மகள் திரையைப் பார்த்தாள், திரும்பி என் காதைப் பார்த்தாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோட்டுக்காரர் வந்தார். அவன் தலைமாட்டில் நின்றார்.

“யார் இவன்?” என்று கேட்டார்.

“தெரியாது, ஐயா. பொக்கெட்டில் ஒரு பத்திரமும் இல்லை” என்றார் அவருடைய உதவியாள்.

ஊரில் யாராவது காணாமல் போனதாகத் தகவல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் உதவியாள். இவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்காரர் யோசித்தார். கீழே அவன் பாடுபடுகிறான். அவர் இன்னும் யோசித்தார். அவன் நெஞ்சு இறுகி, மெல்ல ஏறுவது தெரிந்தது. மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் புகை வந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. இன்னொன்று வந்தது, முதலாவதைவிடப் பெரிதாக.

நான் எழுந்து நின்றிருந்தேன்.

“உயிர் இருக்கடா அவனுக்கு!” என்று கத்தினேன். “குனிஞ்சு பாரடா! உன்ரை காலடியிலை கிடக்கிறான், மூச்சு விடுறான், கண் தெரியேல்லையோ உனக்கு?”

இன்ஸ்பெக்டர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்க்கத் திரும்பினார். இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கால் பக்கத்திலிருந்து போர்த்திக்கொண்டு வந்தார்கள்.

“மூடாதேங்கோ” என்றேன். “ஐயோ, மூடாதேங்கோ.”

மகள் படத்தை நிறுத்தினாள். துணி அவன் நெஞ்சளவில் நின்றது. மூக்கடியில் அந்த வெள்ளைப் புகை அப்படியே நின்றது.